சிப் லேஅவுட் பதிவு: ஓசூர், கிருஷ்ணகிரி, தருமபுரிப் பக்கம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஓசூரில் குடியிருந்துகொண்டு அத்திப்பள்ளி செக்போஸ்ட்டைத் தாண்டி பெங்களூருக்குச் சிப் டிசைன் வேலைக்குப் போகிறவர்கள் இப்போது நிறையப் பேர். நானும் அதில் ஒருவன், வேலை அனலாக் லேஅவுட். சிப்காட்டிலும் சிட்கோவிலும் எலெக்ட்ரானிக்ஸ் தொழில் நடத்துகிறவர்கள், பர்கூர், தருமபுரி அரசு பொறியியல் கல்லூரி மாணவர்கள், கூட வேலை செய்கிறவர்கள் என்று பலரும் திரும்பத் திரும்ப ஒரே சந்தேகங்களைக் கேட்பதால் அவற்றை இங்கே ஒன்றாக எழுதி வைக்கிறேன். கேள்விகள் அவர்கள் கேட்டபடியே இருக்கின்றன. பேச்சு முழுக்க குறைக்கடத்தி (செமிகண்டக்டர்) ஒருங்கிணைந்த சுற்று லேஅவுட் வடிவமைப்புச் சட்டம், 2000 பற்றியது. கீழே 'சட்டம்' என்று வந்தால் அதுதான். நான் வக்கீல் இல்லை. நோட்டீஸ், வழக்கு என்று போய்விட்டால் அறிவுசார் சொத்துரிமை தெரிந்த வக்கீலைப் பார்த்துவிடுங்கள்.

1. லேஅவுட்னா என்ன சார்? சர்க்யூட் டயகிராமும் அதுவும் ஒண்ணுதானே?

இல்லை. எந்த டிரான்சிஸ்டர் எதோடு இணைகிறது என்று காட்டுவது சர்க்யூட் டயகிராம். அந்த டிரான்சிஸ்டர்கள் சிலிக்கானில் எந்த இடத்தில், எந்த அளவில், எந்தத் திசையில் உட்காருகின்றன, அவற்றை இணைக்கும் உலோகக் கம்பிகள் எந்த அடுக்கில் எப்படி ஓடுகின்றன என்று காட்டுவது லேஅவுட். மூன்று படுக்கையறை வேண்டும் என்று இரண்டு பேர் கேட்டாலும் மேஸ்திரி போடும் பிளான் இரண்டும் ஒன்றாக இருப்பதில்லை அல்லவா, அதே கதைதான். ஒரே சர்க்யூட்டை நான்கு பேரிடம் கொடுத்தால் நான்கு லேஅவுட் வரும். ஒன்று சிறியதாக இருக்கும், ஒன்றில் இரைச்சல் குறைவாக இருக்கும், ஒன்று சூடேறும்.

சட்டம் காப்பது இந்த அமைப்பை மட்டும்தான். சிப் என்ன வேலை செய்கிறது என்பதையோ, அதற்குப் பின்னால் உள்ள யோசனையையோ இது காக்காது. கீழே வரும் பாதிக் கேள்விகளுக்கு இதுவே பதில் என்பதால் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

2. எங்க யூனிட்ல பிசிபி டிசைன் பண்றோம். அதை இதுல பதியலாமா?

முடியாது. நம் பக்கத்தில் அதிகம் கேட்கப்படும் கேள்வி இதுதான். டிரான்சிஸ்டர்களும் மற்ற உறுப்புகளும் குறைக்கடத்திப் பொருளின் மேலோ உள்ளேயோ, அல்லது மின்கடத்தாப் பொருளின் மேலோ, பிரிக்க முடியாதபடி உருவாகியிருக்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. பிசிபி எனும் சர்க்யூட் போர்டில் ஐசியை, அதாவது சிப்பை, சால்டர் செய்கிறோம், வேண்டாமென்றால் கழற்றுகிறோம். அது இந்த வரையறைக்குள் வராது. எஃப்பிஜிஏவுக்கு (வாங்கியபின் உள்சுற்றை நாமே அமைத்துக்கொள்ளும் சிப்) எழுதிய நிரலும் வராது. அது கணினி நிரலாகக் பதிப்புரிமைச் சட்டத்தின் கீழ், அதாவது காப்பிரைட்டில், வரும். மைக்ரோகன்ட்ரோலருக்குள் போடும் ஃபர்ம்வேரும் அப்படித்தான்.

பிசிபி ஆர்ட்வொர்க்கை வரைபடம் என்ற முறையில் காப்பிரைட்டில் கோரலாம். ஆனால் அந்தச் சட்டத்தின் 15-ஆம் பிரிவில் ஒரு பள்ளம் இருக்கிறது. டிசைன் சட்டத்தில் பதியத் தகுதியிருந்தும் பதியாத ஒரு வடிவம், உரிமையாளராலோ அவர் அனுமதியுடனோ தொழிற்சாலை முறையில் 50 தடவைக்கு மேல் உற்பத்தியானால் அதன் காப்பிரைட் போய்விடும். உங்கள் போர்டு அதில் சிக்குமா என்பது வாதாட வேண்டிய விஷயம். மாதம் ஐந்நூறு போர்டு போடுகிறவர்கள் இதை வக்கீலிடம் முன்கூட்டியே கேட்டுவிடுவது நல்லது.

3. டாடா எலெக்ட்ரானிக்ஸ் நம்ம ஓசூர் பக்கம் சிப் செய்யுதாமே, அப்ப இங்கேயே பதிவு ஆபீஸ் வருமா?

ஓசூர் பக்கத்து ஆலையில் நடப்பது செல்போன் பாகங்கள் சார்ந்த வேலை. அவர்களுடைய சிப் ஃபேப் (சிப் உற்பத்தி ஆலை) குஜராத்தின் தோலேராவிலும், சிப்பைப் பேக் செய்து சோதிக்கும் ஆலை அசாமின் ஜாகிரோட்டிலும் அமைகின்றன. தவிர, ஆலை இருக்கும் ஊருக்கும் பதிவுக்கும் சம்பந்தமே கிடையாது. பதிவு எங்கே என்பது 5-இல் இருக்கிறது.

4. பேட்டன்ட் எடுத்துட்டா எல்லாம் அடங்கிடுமே, இது எதுக்குத் தனியா?

அடங்காது. பேட்டன்ட் சட்டத்தின் 3-ஆம் பிரிவு எவையெல்லாம் கண்டுபிடிப்பு ஆகாது என்று பட்டியல் போடுகிறது. அதில் ஒருங்கிணைந்த சுற்றின் லேஅவுட்டும் ஒன்று. உங்கள் சர்க்யூட் இயங்கும் விதத்தில் உண்மையிலேயே புதுமை இருந்தால் அதற்குப் பேட்டன்ட் கேளுங்கள், தடையில்லை. லேஅவுட்டுக்கு இந்தப் பதிவு தனி. ஒரே சிப்புக்கு இரண்டும் இருக்கலாம்.

இப்படித் தனிச் சட்டம் போடும் வழக்கம் அமெரிக்காவில் 1984-இல் தொடங்கியது. ஒரு சிப்பை வடிவமைக்க மாதக்கணக்கில் ஆள்பலமும் பணமும் போகிறது. அதைப் பிரித்துப் படம்பிடித்து நகலெடுக்க அதில் சிறு பங்குகூட ஆகாது. பேட்டன்ட் கொடுக்கும் அளவுக்கு லேஅவுட்டில் 'கண்டுபிடிப்பு' இல்லை, வெறும் படம் என்று காப்பிரைட்டில் தள்ளவும் மனம் வரவில்லை. அதனால் இடைப்பட்ட ஓர் உரிமை பிறந்தது. 1989-இல் வாஷிங்டனில் ஓர் உலக ஒப்பந்தம் எழுதினார்கள், அது நடைமுறைக்கே வரவில்லை. ஆனால் அதன் முக்கியப் பகுதிகளை உலக வர்த்தக அமைப்பின் அறிவுசார் சொத்துரிமை ஒப்பந்தமான டிரிப்ஸ் எடுத்துக்கொண்டது. அந்த அமைப்பில் உறுப்பு நாடு என்பதால்தான் இந்தியா 2000-இல் இந்தச் சட்டத்தைக் கொண்டுவந்தது.

5. எங்கே போய்ப் பதியணும்? கிண்டி பேட்டன்ட் ஆபீஸா, மாவட்டத் தொழில் மையமா?

இரண்டும் இல்லை. கிண்டியில் பேட்டன்ட், டிரேட்மார்க், புவிசார் குறியீடு எல்லாம் உண்டு, இது கிடையாது. மாவட்டத் தொழில் மையத்துக்கும் இதில் வேலை இல்லை. லேஅவுட் பதிவகம் டெல்லியில், மத்திய வணிகம் மற்றும் தொழில் அமைச்சகத்தின் கீழ் இருக்கிறது. நாடு முழுமைக்கும் அது ஒன்றுதான்.

லேஅவுட்டைக் காட்டும் வரைபடங்கள், சிப் என்ன வேலைக்கானது என்ற குறிப்பு, உருவாக்கியவர் யார், உரிமை கோருகிறவர் யார், ஏற்கெனவே விற்றிருந்தால் முதலில் விற்ற தேதி ஆகியவற்றைத் தயாராக வைத்துக்கொள்ளுங்கள். பதிவாளர் ஏற்றுக்கொண்டால் 14 நாளுக்குள் விளம்பரம் செய்வார். அன்றிலிருந்து மூன்று மாதத்துக்குள் யார் வேண்டுமானாலும் ஆட்சேபிக்கலாம், கேட்டால் இன்னும் ஒரு மாதம் கிடைக்கும். ஆட்சேபம் வந்தால் நீங்கள் இரண்டு மாதத்துக்குள் பதில் மனு போட வேண்டும். போடாவிட்டால் விண்ணப்பத்தைக் கைவிட்டதாகக் கணக்கு. ஆகவே பதிவு அலுவலகத்துக்குக் கொடுத்த மின்னஞ்சலைத் தினமும் பார்க்கிற ஒருவர் உங்கள் அலுவலகத்தில் இருக்க வேண்டும்.

6. பதியாம விட்டா என்ன? எனக்கே ரிஜிஸ்டர் தபால்ல அனுப்பிப் பிரிக்காம வச்சுக்கிட்டா போதாதா?

போதாது. காப்பிரைட் எழுதிய உடனே பிறந்துவிடுகிறது, பதிவு கட்டாயமில்லை. அந்தப் பழக்கத்தில்தான் பலர் இப்படிக் கேட்கிறார்கள். லேஅவுட்டில் கதை தலைகீழ். பதிவு செய்யாத லேஅவுட்டை ஒருவர் நகலெடுத்தால் மீறல் என்று வழக்கே போட முடியாது என்று சட்டம் நேராகச் சொல்கிறது. பிரிக்காத தபாலும் நோட்டரி முத்திரையும், எந்தத் தேதியில் உங்களிடம் அந்த ஃபைல் இருந்தது என்று காட்ட உதவலாம். உரிமையைத் தராது.

7. எங்க லேஅவுட் எல்லாரும் போடுற மாதிரிதான் இருக்கு. இதைப் பதிய விடுவாங்களா?

முக்கியமாக இரண்டு விஷயம் பார்ப்பார்கள். லேஅவுட் உங்கள் சொந்த மூளை உழைப்பில் வந்திருக்க வேண்டும். உருவாக்கிய காலத்தில் இந்தத் துறை ஆட்களுக்கு அது சர்வசாதாரணமாக இருந்திருக்கவும் கூடாது. துண்டு துண்டாகப் பார்த்தால் எல்லாமே தெரிந்த சரக்காக இருந்தாலும், சேர்த்த விதம் மொத்தமாகப் பார்க்கையில் சொந்த உழைப்பாக இருந்தால் அது அசல்தான் என்றும் சட்டம் சொல்கிறது. இந்தக் கடைசி வரிதான் நம்மைக் காப்பாற்றுகிறது.

ஓர் உதாரணம். ஆம்ப்ளிஃபையரின் வாசலில் இரட்டை டிரான்சிஸ்டர் இருக்கும், ஏ என்றும் பி என்றும் வைத்துக்கொள்வோம். இரண்டும் ஒரே மாதிரி நடந்துகொள்ள வேண்டும். சிலிக்கான் தகட்டின் ஒரு மூலைக்கும் மறு மூலைக்கும் ஆக்சைடு கனத்தில் மெல்லிய வித்தியாசம் இருக்கும். அது இரண்டையும் சமமாகப் பாதிக்கட்டும் என்று ஒவ்வொன்றையும் இரண்டாக வெட்டி ஏ, பி, பி, ஏ என்று அடுக்குவோம். இரு ஓரத்திலும் வேலை செய்யாத டம்மி ஒன்று. சுற்றி கார்டு ரிங், அதாவது இரைச்சலைத் தடுக்கும் வேலி. இது கல்லூரிப் பாடம், இதற்கு மட்டும் யாரும் உரிமை கேட்க முடியாது. ஆனால் அந்த ஜோடியைப் பவர் டிரான்சிஸ்டரின் சூடு இரண்டிலும் சமமாகப் படும்படி வைத்து, ரெஃபரன்ஸ் பிளாக்கை எதிர் மூலைக்குத் தள்ளி, கிரவுண்டு கம்பிகளைத் தனித்தனியாக இழுத்துவந்து பேட் (வெளிக்கம்பி இணையும் இடம்) அருகில் மட்டும் சேர்த்து, இதையெல்லாம் குறிப்பிட்ட பரப்புக்குள் அடக்கியிருக்கிறீர்கள் என்றால் அந்த மொத்த அமைப்பு உங்களுடையது. அசல் எங்கே இருக்கிறது என்று கேட்டால் விரலை வைத்துக் காட்டத் தெரிந்திருக்க வேண்டும். ஒவ்வொரு முடிவையும் எதற்காக எடுத்தீர்கள் என்று ரிவ்யூ குறிப்புகளில் எழுதி வையுங்கள்.

ஃபவுண்டரி (சிப் செய்து கொடுக்கும் ஆலை) கொடுத்த ஸ்டாண்டர்டு செல் எனும் ஆயத்தச் சிறு சுற்றுகளும், காசு கொடுத்து வாங்கிய ஐபி பிளாக் எனும் ஆயத்தப் பகுதிகளும் உங்கள் சிப்புக்குள் இருந்தாலும் உங்களுடையவை ஆகிவிடாது.

8. பிளேஸ் அண்ட் ரூட் எல்லாம் டூல்தான் பண்ணுச்சு. அது என் உழைப்புன்னு சொல்ல முடியுமா?

உறுப்புகளை இடத்தில் வைத்துக் கம்பி இழுக்கும் மென்பொருள்தான் இவர் சொல்லும் டூல். அதைப் பற்றிச் சட்டம் பேசவில்லை, உருவாக்கியவரின் உழைப்பைப் பற்றித்தான் பேசுகிறது. ஃபுளோர்பிளான் (எந்தப் பகுதி எங்கே என்ற திட்டம்) யார் போட்டது, மெமரியை எங்கே வைப்பது, பவர் கிரிட்டை எப்படிப் பின்னுவது, டூல் கொடுத்ததில் எதைக் கலைத்துக் கையால் மாற்றினீர்கள் என்பதெல்லாம் உங்கள் முடிவுகள். அவை இருந்தால் 7-இல் சொன்னபடி வாதிடலாம். நெட்லிஸ்ட்டை (இணைப்புப் பட்டியலை) டூலுக்குள் திணித்துவிட்டு இரவோடு இரவாக வந்ததை அப்படியே எடுத்துக்கொண்டிருந்தால், என் கணிப்பில் வாதம் பலவீனம்.

9. ஏற்கெனவே சிப்பை வித்துட்டோம். இப்ப பதிய முடியுமா?

முதல் விற்பனை நடந்து இரண்டு வருஷம் தாண்டவில்லை என்றால் முடியும். தாண்டிவிட்டால் கதவு மூடிவிட்டது. இந்தியாவில் விற்றாலும் கணக்கு, சட்டம் ஏற்கும் ஒப்பந்த நாடுகளில் விற்றாலும் கணக்கு.

'விற்பது' என்பதைக் காசு கைமாறுவது என்று மட்டும் நினைக்காதீர்கள். வாடகைக்கு விடுவது, விற்பனைக்கு என்று முன்வைப்பது, கண்காட்சியில் விற்பனைக்கு வைப்பது, வணிக நோக்கில் விநியோகிப்பது எல்லாமே அதில் அடங்கும். பெங்களூர்க் கண்காட்சியில் ஸ்டால் போட்டு விலைப்பட்டியலோடு சிப்பை வைத்த நாளிலேயே கடிகாரம் ஓடத் தொடங்கிவிடலாம். அந்த நாளை எழுதி வையுங்கள். சொந்த லேபில் சோதிப்பதும், பேக்கேஜிங் செய்யக் கொடுப்பதும் விற்பனை ஆகாது.

10. பத்து வருஷம்னா எந்தத் தேதியில இருந்து? அப்புறம் புதுப்பிக்கலாமா?

விண்ணப்பித்த தேதி, உலகில் எங்காவது முதலில் வணிகத்துக்கு வந்த தேதி, இரண்டில் எது முந்தியதோ அதிலிருந்து பத்து வருஷம் பதிவு செல்லும். 2024 ஜூனில் விற்கத் தொடங்கி 2026 மார்ச்சில் விண்ணப்பித்தால் காவல் 2034 ஜூனில் முடியும். 9-இல் சொன்ன இரண்டு வருஷச் சலுகையைக் கடைசிவரை இழுத்தால் கையில் மிஞ்சுவது எட்டு வருஷம்தான். புதுப்பிக்க வழியில்லை.

11. லேஅவுட் போட்டது நான், பதியறது கம்பெனி பேர்ல. நியாயமா அண்ணா?

நியாயம் இருக்கட்டும் தம்பி, சட்டம் கம்பெனி பக்கம்தான். சம்பளத்துக்கு வேலை செய்கிறபோது உருவான லேஅவுட்டைப் பதியும் உரிமை முதலாளியுடையது. ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதியிருந்தால் மட்டும் மாறும். உருவாக்கியவர் என்று உங்கள் பெயரைக் குறிப்பிடச் சொல்லிக் கேளுங்கள், அடுத்த வேலை தேடும்போது உதவும்.

12. நாங்க சின்ன டிசைன் ஹவுஸ். ஒரு ஸ்கூட்டர் கம்பெனி மோட்டார் கன்ட்ரோலர் சிப் செஞ்சு தரச் சொல்லுது. லேஅவுட் எங்களதுதானே?

இல்லை, இதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். 11-இல் சொன்ன அதே விதி, ஆர்டர் கொடுத்துச் செய்யச் சொன்னவருக்கும் பொருந்தும். ஒப்பந்தத்தில் ஒன்றும் எழுதவில்லை என்றால் பதியும் உரிமை ஸ்கூட்டர் கம்பெனிக்குப் போய்விடும். மின்சார ஸ்கூட்டர் தொழில் போச்சம்பள்ளி, ஓசூர் என்று பரவியபிறகு இப்படிப்பட்ட ஆர்டர் பேச்சு நம் பக்கத்திலும் அடிபடுகிறது. பேச்செல்லாம் விலையிலும் டெலிவரி தேதியிலும் முடிந்துவிடுகிறது, உரிமையைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை.

ஏற்கெனவே நீங்கள் வைத்திருக்கும் பிளாக்குகள், அதாவது உங்கள் ரெகுலேட்டர், ஆசிலேட்டர், கேட் டிரைவர், இவற்றையும் அந்தச் சிப்புக்குள் போடுவீர்கள். அவை எங்களுடையவை, இந்தச் சிப்பில் பயன்படுத்த மட்டும் அனுமதி என்று பர்ச்சேஸ் ஆர்டரை ஏற்கும் முன்பே எழுத்தில் வாங்குங்கள். முடிந்தால் அந்தப் பிளாக்குகளை அதற்கு முன்பே உங்கள் பெயரில் பதிந்துவிடுங்கள். அட்வான்ஸ் வாங்கியபின் இதைப் பேசினால் எடுபடாது. ஃபவுண்டரிக்கு இந்தக் கவலை வேண்டாம். உங்கள் ஃபைலை வைத்துச் சிப் செய்து கொடுப்பதால் மட்டும் லேஅவுட் அவர்களுடையது ஆகாது.

13. காலேஜ் பிராஜெக்ட்ல சிப் செஞ்சோம். அது யாருக்குச் சொந்தம்?

மத்திய அரசின் சிப்ஸ் டு ஸ்டார்ட்அப் திட்டத்தில் கல்லூரிகளுக்கு டிசைன் டூல்கள் கிடைக்கின்றன, மொகாலியின் எஸ்சிஎல் ஆலையில் 180 நானோமீட்டரில் சிப் செய்து வாங்கவும் வழி இருக்கிறது. ஐஐடி மெட்ராஸின் சக்தி புராசஸரே 2018-இல் அந்த ஆலையில் உருவானதுதான். அதனால் இந்தக் கேள்வி இனி அதிகமாகும்.

மாணவர் கல்லூரியின் ஊழியர் இல்லை. ஆகவே 11-இல் சொன்ன விதி தானாக ஒட்டாது. ஆனால் சேரும்போதோ பிராஜெக்ட் தொடங்கும்போதோ கையெழுத்திட்ட தாளில் உரிமை யாருக்கு என்று இருக்கலாம். ஆசிரியர் ஊழியர், அவர் பங்கும் லேஅவுட்டில் கலந்திருந்தால் சிக்கல்தான். டேப்-அவுட்டுக்கு, அதாவது இறுதி ஃபைலை ஆலைக்கு அனுப்புவதற்கு, முன் ஒரே பக்கத்தில், யார் எந்தப் பிளாக் போட்டார், யார் பெயரில் பதிவது என்று எழுதி எல்லோரும் கையெழுத்துப் போடுங்கள். சிப் வந்து வேலை செய்தபிறகு அந்தத் தாளை எழுத உட்கார்ந்தால் சண்டைதான் வரும்.

14. போட்டிக்காரர் எங்க சிப்பை உடைச்சுப் பார்த்து அதே மாதிரி செஞ்சா தப்புதானே?

உடைத்துப் பார்ப்பது தப்பில்லை. புகையும் நைட்ரிக் அமிலத்தில் கறுப்பு மேலுறையைக் கரைத்து, அடுக்கடுக்காகச் சுரண்டி, மைக்ரோஸ்கோப்பில் படம்பிடித்துப் பார்ப்பது தொழிலில் சகஜம். ஆய்வுக்கும் ஆராய்ச்சிக்கும் கற்பித்தலுக்கும் அப்படிச் செய்யச் சட்டமே அனுமதிக்கிறது. அதில் கற்றுக்கொண்டதை வைத்து, 7-இல் சொன்ன அளவுகோலில் அசலான வேறொரு லேஅவுட் போட்டால் அதை விற்கவும் அவருக்கு உரிமை உண்டு.

படத்தை அப்படியே பிரதியெடுத்துச் சிப்பில் போட்டால்தான் மீறல். முழுவதையும் எடுக்க வேண்டும் என்றில்லை, ஒரு பகுதியை எடுத்தாலும் மீறலே. ஆனால் எடுத்த அந்தப் பகுதி அசலாக இருக்க வேண்டும். அவர் உங்களுடைய ஏ, பி, பி, ஏ அடுக்கை எடுத்தார் என்று குற்றம்சாட்டிப் பயனில்லை. உண்மையாகவே வேறொரு லேஅவுட் போட்டவரிடம் உழைத்த தடம் இருக்கும்: சிமுலேஷன் முடிவுகள், பாதியில் விட்ட வடிவங்கள், ரிவ்யூ குறிப்புகள். நகலெடுத்தவரிடம் பெரும்பாலும் கடைசி ஃபைல் மட்டும் இருக்கும்.

15. அவங்க நம்ம சிப்பைப் பார்க்கவே இல்லை, தற்செயலா ஒரே மாதிரி வந்துடுச்சுன்னா?

தனியாக உருவாக்கியது என்று நிரூபித்தால் மீறல் இல்லை. பேட்டன்ட்டில் இந்தத் தப்பிப்பு கிடையாது. மேலே சொன்ன உழைப்பின் தடம்தான் இங்கேயும் சாட்சி.

16. பெங்களூர் எஸ்.பி. ரோட்டுல வாங்கின எல்இடி டிரைவர் ஐசி காப்பின்னு நோட்டீஸ் வந்திருக்கு. ஐயாயிரம் போர்டு ரெடியா இருக்கு. என்ன பண்றது?

வாங்கும்போது அது நகல் என்று உங்களுக்குத் தெரியாது, தெரிந்திருக்க நியாயமான காரணமும் இல்லை என்றால் அதுவரை விற்றது மீறல் ஆகாது. நோட்டீஸ் வந்தபிறகும் கையில் உள்ள சரக்கையும், நோட்டீஸுக்கு முன் ஆர்டர் போட்ட சரக்கையும் விற்கலாம். ஆனால் அதற்கு உரிமையாளருக்கு ராயல்டி கொடுக்க வேண்டும். தொகையைப் பேசி முடிவு செய்யலாம், ஒத்துவராவிட்டால் சட்டப்படியான மேல்முறையீட்டு அமைப்பு நிர்ணயிக்கும். நோட்டீஸுக்குப் பிறகு அதே ஐசிக்குப் புது ஆர்டர் போட்டால் இந்தக் காப்பு இல்லை.

எனவே முதல் வேலை, நோட்டீஸ் கையில் கிடைத்த அன்றே சரக்கை எண்ணி, பில்களோடு எழுதி வைப்பது. பில் இல்லாமல் சல்லிசாக வாங்கியிருந்தால் 'தெரியாது' என்பதை நம்பவைப்பது கஷ்டம். சந்தை விலையில் பாதிக்குக் கிடைத்தது ஏன் என்று அவர்கள் வக்கீல் கேட்பார்.

17. ஜெயில் எல்லாம் உண்டா?

உண்டு. தெரிந்தே, வேண்டுமென்றே மீறினால் மூன்று வருஷம் வரை சிறை, அல்லது 50,000 ரூபாய் முதல் 10 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். பதியாத லேஅவுட்டைப் பதிந்ததாகச் சொல்லிக்கொள்வதும் தனிக் குற்றம். விண்ணப்பம் போட்ட கையோடு டேட்டாஷீட்டில் 'பதிவு பெற்றது' என்று அச்சடிக்காதீர்கள்.

18. இங்க பதிஞ்சா சீனாவுல காப்பி அடிக்க முடியாதுல்ல?

அடிக்கலாம், இந்தப் பதிவு அங்கே செல்லாது. சீனாவில் 2001-இலிருந்து தனி விதிமுறை இருக்கிறது, அங்கேயும் பத்து வருஷம், அங்கேயும் இரண்டு வருஷ கெடு. அமெரிக்காவில் இதைக் காப்பிரைட் அலுவலகத்தில் பதிகிறார்கள். அங்கே சந்தை இருந்தால் அங்கேயும் பதியுங்கள். ஆனால் நகலை இந்தியாவுக்குள் வணிகத்துக்காக இறக்குமதி செய்வது இங்கே மீறல். அதனால் இங்குள்ள சந்தையை இங்குள்ள பதிவு காக்கும்.

19. எங்களை மாதிரிச் சின்னவங்களுக்கு இது தேவையா, நேராச் சொல்லுங்க.

சிப்பைப் பொறுத்தது. பவர் மேனேஜ்மென்ட், சென்சார் இன்டர்ஃபேஸ், மோட்டார் டிரைவர் போன்ற அனலாக் சிப்புகள் வருஷக்கணக்கில் அப்படியே விற்கும். கையால் போட்ட லேஅவுட்தான் அவற்றின் உயிர், படம்பிடித்து நகலெடுப்பதும் அங்கேதான் லாபம். அவற்றைப் பதியுங்கள். அடிக்கடி மாறும் டிஜிட்டல் சிப்பில், அதிலும் நுண்ணிய புராசஸில் செய்ததில், நகலெடுக்கிறவருக்கு மாஸ்க் (லேஅவுட்டைச் சிலிக்கானில் பதிக்கும் அச்சு) செலவே கட்டுப்படியாகாது. அங்கே நிரலுக்கான காப்பிரைட்டிலும் பேட்டன்ட்டிலும் காசைப் போடுவேன்.

நாட்டில் இந்தச் சட்டத்தில் பதிகிறவர்கள் மிகக் குறைவு. நீதிமன்றத் தீர்ப்புகள் குவிந்து பாதை தெளிந்த துறையும் அல்ல இது. வழக்கில் ஜெயிப்பதைவிட, முதலீட்டாளரோ வாங்க வருகிறவரோ 'உங்களிடம் என்ன இருக்கிறது' என்று கேட்கும்போது நீட்ட ஒரு சான்றிதழ் இருப்பதுதான் சின்ன நிறுவனத்துக்கு உடனடிப் பயன் என்பது என் எண்ணம்.

20. பதிஞ்ச லேஅவுட்டை வித்துட்டா, பேர் மாத்தணுமா?

மாற்ற வேண்டும். விற்பது எழுத்தில் இருக்க வேண்டும், வாங்கியவர் தம் பெயரைப் பதிவகத்தில் ஏற்றிக்கொள்ளவும் வேண்டும். விற்காமல் பயன்படுத்த மட்டும் அனுமதி கொடுக்கிறீர்கள் என்றால் அவரைப் பதிவுபெற்ற பயனாளராகச் சேர்க்கலாம். கம்பெனியையே விற்கிறவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள். கட்டடம், மெஷின், கடன் எல்லாம் பத்திரத்தில் இருக்கும், லேஅவுட் எண் மட்டும் இருக்காது. அட்டவணையில் அதையும் ஒரு வரியாகச் சேர்த்துவிடுங்கள்.